ஒரு உள்ளங்கைக்கு 170 பேட்ச்

எங்கள் ஃபைனல் இயர் ப்ராஜெக்டின் முதல் ரிவ்யூ முடிந்த அன்று சாயங்காலம், நேராக மயிலாப்பூருக்கு பஸ் ஏறினேன். முண்டகக்கண்ணி அம்மன் கோயில் பக்கத்தில்தான் அத்தை வீடு. பையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் நாங்கள் லேபில் வார்த்தெடுத்த மைக்ரோநீடில் பேட்ச் ஒன்று. தமிழில் சொன்னால் நுண்ணூசிப் பட்டை. நீளம் ஒரு சென்டிமீட்டர், அகலம் ஒரு சென்டிமீட்டர், அதன் மேல் பத்துக்குப் பத்து வரிசையில் நூறு ஊசிகள். மருந்து எதுவும் இல்லை, வெறும் பாலிமர். அத்தைக்குக் காட்டிவிட்டு வரலாம் என்று போனேன். உண்மையைச் சொல்லணும்னா, பீத்திக்கத்தான் போனேன்.

அத்தைக்குப் பன்னிரண்டு வருஷமாக சொரியாசிஸ். தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை செக்‌ஷனில் வேலை. தீபாவளி சீசனில் நீங்கள் அந்தப் பக்கம் போயிருந்தால் அந்த வேலை என்னவென்று தெரிந்திருக்கும். நாள் முழுக்க நின்றுகொண்டே புடவையை விரிக்கணும், மடிக்கணும், மறுபடி விரிக்கணும். மே மாத வெயிலிலும் முழங்கை மறைகிற மாதிரி ஜாக்கெட் போடுவார் அத்தை. முழங்கையை மறைத்துவிடலாம். புறங்கையில் இருக்கும் இரண்டு திட்டுகளை எப்படி மறைப்பது? ஒரு தடவை கரும்பச்சைப் பட்டின் மேல் வெள்ளைச் செதில் உதிர்ந்ததைப் பார்த்து ஒரு கஸ்டமர் எழுந்து போய்விட்டாராம். அடுத்த வாரமே அத்தையை மாடி குடோனுக்கு மாற்றிவிட்டார்கள். சம்பளம் குறையவில்லை. இன்சென்டிவ் போச்சு.

டப்பாவைத் திறந்து காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஊசியே தெரியலையேடா!" என்றார். விளக்கினேன். குத்தும், ஆனா வலிக்காது. தோலுக்குள்ளேயே கரைஞ்சிடும். மருந்து நேரா உள்ளே போயிடும். அத்தை கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு ஜாக்கெட் கையை மேலே ஏற்றிவிட்டு முழங்கையை நீட்டினார். "ஒட்டிப் பாரு."

முடியாது என்றேன். இது சும்மா மாடல், இன்னும் டெஸ்ட் பண்ணலை, சட்டப்படியும் கூடாது என்று என்னென்னவோ சொன்னேன். கையை இறக்கிக்கொண்டார். அப்புறம்தான் அந்தக் கேள்வி வந்தது.

"சரி, விடு. இது மருந்தோட வந்தா, எனக்கு எத்தனை வேணும்?"

ரிவ்யூவில் ஊசியின் உயரம் கேட்டார்கள், முனையின் கோணம் கேட்டார்கள், நாவல்ட்டி என்ன என்று மூன்று தடவை கேட்டார்கள். எத்தனை வேணும் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில். அடுத்த வருஷம் இதே மாதிரி ஒரு தலைப்பை ப்ராஜெக்டாக எடுக்கப்போகிற ஜூனியர்கள் முக்கியமாகப் படியுங்கள்.

முதலில், நோய் என்ன?

சொரியாசிஸ் தொற்றுநோய் இல்லை. தொட்டால் ஒட்டாது, பக்கத்தில் உட்கார்ந்தால் பரவாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் படித்தவர்களே இதில் தப்பு செய்கிறார்கள். உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு தேவையில்லாமல் கொதித்தெழுவதால் வரும் அழற்சி இது. சாதாரணமாகத் தோலின் மேலடுக்கு புதுப்பித்துக்கொள்ள ஏறக்குறைய ஒரு மாசம் எடுக்கும். சொரியாசிஸ் திட்டில் அது சில நாட்களிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. உதிரவேண்டிய செல்கள் உதிர்வதற்குள் அடுத்த படை வந்து குவிகிறது. சிவந்த தடிப்பு, அதன் மேல் வெள்ளிச் செதில். சித்த மருத்துவத்தில் காளாஞ்சகப்படை என்பார்கள். 2014-இல் உலக சுகாதாரப் பேரவை இதைத் தீவிரமான நோய் என்று அங்கீகரித்துத் தீர்மானம் போட்டது. தீர்மானம் ஜெனீவாவில் போட்டது. அத்தை கடை மாடிவரைக்கும் அது வந்து சேரவில்லை.

மருந்துகள் இருக்கின்றன. பூசுகிற ஸ்டீராய்டு, வைட்டமின் டி வகைக் களிம்புகள், புற ஊதா ஒளி சிகிச்சை, மாத்திரைகள், கடைசியாக விலை உயர்ந்த பயலாஜிக் ஊசிகள். மாத்திரைகளில் பழைய குதிரை மெத்தோட்ரெக்சேட்.

அந்தக் குதிரைக்கு நம்ம ஊர்த் தொடர்பு ஒன்று உண்டு. எல்லப்பிரகத சுப்பாராவ் என்று ஒருவர். 1895-இல் பீமவரத்தில் பிறந்தவர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, மூன்றாவது முயற்சியில் மெட்ரிக் பாஸ் ஆனார். அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் கவனிக்க! பிறகு மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி. காந்தி சொன்னார் என்று கதர் உடையில் அறுவைச் சிகிச்சை வகுப்புக்குப் போனதில் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது. 1923-இல் அமெரிக்கா போனார். லெடர்லி ஆய்வகத்தில் அவர் தலைமையிலான குழு 1940-களில் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது. அதே வழியில் ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் மருந்துகளையும் உருவாக்கியது. அமினோப்டெரின், அதன் தம்பி மெத்தோட்ரெக்சேட். ரத்தப் புற்றுநோய்க்காகப் பயன்பட்ட அமினோப்டெரினை 1951-இல் மூட்டுவாதத்துக்குக் கொடுத்துப் பார்த்தபோது, கூடவே சொரியாசிஸ் இருந்தவர்களுக்குத் தோலும் தெளிவதை மருத்துவர்கள் கவனித்தார்கள். சுப்பாராவ் அதைப் பார்க்க இல்லை, 1948-லேயே போய்விட்டார். அத்தை வாரம் ஒரு நாள் போடுகிற மாத்திரைக்குப் பின்னால், அவர் வீட்டிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய ஒரு பள்ளிக்கூடத்தில் படித்தவர் இருக்கிறார்.

ஆனால் மாத்திரை உடம்பு முழுக்கப் போகும். ஈரல், ரத்த அணுக்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருக்கணும். வாரம் ஒரு முறை போடவேண்டியதைத் தினமும் போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. தோலில் இருக்கிற நோய்க்கு ஏன் முழு உடம்பும் மருந்து குடிக்கணும்? நியாயமான கேள்வி. நுண்ணூசி அங்கேதான் உள்ளே வருகிறது.

ஊசி என்ன செய்யும்?

தோலின் மிக மேலே, செத்த செல்களால் ஆன ஒரு சுவர் இருக்கிறது. தடிமன் பத்து, இருபது மைக்ரான்தான். நம்ம தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லை. ஆனால் செம கட்டுமானம். 500 டால்டனுக்கு மேல் எடையுள்ள மூலக்கூறை அது சுலபமாக உள்ளே விடாது என்பது பொதுவான விதி. மெத்தோட்ரெக்சேட்டின் எடை 454. நுழைந்துவிடலாம் போலத் தெரியும், ஆனால் அது தண்ணீரோடு சேர்கிற ரகம். எண்ணெய்ப் பசையுள்ள அந்தச் சுவர் அதை வாசலிலேயே நிறுத்திவிடும். களிம்பாகப் பூசினால் பெரிதாகப் பலன் இல்லாததற்கு இது முக்கியக் காரணம்.

சுவரில் ஓட்டை போட்டுவிட்டால்? யோசனை 1970-களிலேயே காப்புரிமை வாங்கப்பட்ட ஒன்று. ஆனால் அவ்வளவு சின்ன ஊசி செய்யும் தொழில்நுட்பம் வரக் காத்திருக்கவேண்டியிருந்தது. சிப் தயாரிக்கும் முறையை எடுத்து 1998-இல் ஜார்ஜியா டெக்கில் மார்க் பிராஸ்னிட்ஸ் குழு சிலிக்கானில் 150 மைக்ரான் உயர ஊசிகளைச் செதுக்கிக் காட்டியது. அதற்குப் பிறகு வந்தவைதான் கரையும் ஊசிகள். ஹையலூரோனிக் அமிலம், பி.வி.ஏ., பி.வி.பி. மாதிரி தண்ணீரில் கரையும் பொருளில் மருந்தைக் கலந்து அச்சில் ஊற்றுவார்கள். தோலின் ஈரத்தில் ஊசி கரையும், மருந்து வெளியே வரும். நரம்பு முனைகளை அதிகம் தொடாததால் வலி குறைவு.

சொரியாசிஸில் இது வேலை செய்யுமா? 2018-இல் கொரியாவிலிருந்து ஒரு சின்ன சோதனை வெளிவந்தது. களிம்புக்கு மசியாத திட்டுகளின் மேல், களிம்பு பூசி, ஹையலூரோனிக் அமில நுண்ணூசி பேட்ச் ஒட்டிப் பார்த்தார்கள், திட்டுகள் குறைந்தன. ஒரு சிலரிடம் மட்டும் நடந்தது, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை. 2019-இல் மெத்தோட்ரெக்சேட் ஏற்றிய கரையும் ஊசிகளை எலிகளில் சோதித்த ஆய்வு வந்தது, அதிலும் நல்ல பலன். ஆனால் அந்த எலிகளுக்கு வந்தது சொரியாசிஸ் இல்லை. இமிக்விமோட் என்ற க்ரீமைத் தடவி, அதே மாதிரி தோற்றமுள்ள அழற்சியைச் சில நாட்களுக்கு வரவழைப்பார்கள். பூசுவதை நிறுத்தினால் எலிக்குத் தானாகவே சரியாகிவிடும். அத்தைக்குப் பன்னிரண்டு வருஷமாக நிற்கவில்லை.

கணக்கு போடுவோம்

இப்போ அத்தையின் கேள்வி. எங்கள் பேட்சின் அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஊசியும் ஒரு கூம்பு. உயரம் 600 மைக்ரான், அடிப்பகுதி விட்டம் 250 மைக்ரான். பத்தாம் வகுப்புச் சூத்திரம்தான், மூன்றில் ஒரு பங்கு பை ஆர் ஸ்கொயர் ஹெச். ஒரு ஊசிக்கு ஏறக்குறைய 0.01 கன மில்லிமீட்டர் வரும். அதாவது பத்து மைக்ரோகிராம் பொருள். நூறு ஊசிக்கு ஒரு மில்லிகிராம். முழுவதையும் மருந்தாகவே செய்துவிட முடியாது, ஊசி நொறுங்கிவிடும். பத்து சதவீதம் மருந்து என்று வைத்தால் ஒரு பேட்சுக்கு 0.1 மில்லிகிராம்.

அடலிமுமாப் என்ற பயலாஜிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். உலகிலேயே முதல் அடலிமுமாப் பயோசிமிலரை 2014 டிசம்பரில் இந்தியாவில் வெளியிட்டது சைடஸ் நிறுவனம். அதனால் இங்கே விலை இறங்கியது, ஆனாலும் சாதாரணச் சம்பளத்துக்கு எட்டாத உயரம்தான். ஆரம்ப டோஸ் போக, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 40 மில்லிகிராம். எங்கள் பேட்சில் அதைக் கொடுக்க 400 பேட்ச் வேண்டும். அதையே ஒரே ஒரு ஊசி சில நொடியில் செய்துவிடுகிறது. "வலிமிகுந்த ஊசிகளுக்கு விடை கொடுப்போம்" என்று எங்கள் முதல் ஸ்லைடில் எழுதியிருந்தேன். எழுதின கையை என்ன பண்றது?

சரி, உடம்பு முழுக்க வேண்டாம், திட்டு இருக்கிற இடத்தில் மட்டும் மருந்து போதும் என்று வைத்துக்கொள்வோம். அப்போது மருந்தின் அளவு பிரச்சினை இல்லை, பரப்பளவு பிரச்சினை. தோல் மருத்துவர்கள் ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள்: நோயாளியின் விரல்களோடு சேர்த்த உள்ளங்கை, அவர் உடல் பரப்பில் ஒரு சதவீதம். பெரியவர் ஒருவரின் தோல் பரப்பு ஏறக்குறைய 1.7 சதுர மீட்டர், அதாவது 17,000 சதுர சென்டிமீட்டர். ஒரு சதவீதம் 170. ஒரு உள்ளங்கைக்கு 170 பேட்ச்.

அத்தைக்கு முழங்கை, முழங்கால், இடுப்பு எல்லாம் சேர்த்து ஐந்து உள்ளங்கை வரும். 850 பேட்ச். ஒன்று இருபது ரூபாய் என்று அடிமாட்டு விலைக்கே வைத்தாலும், ஒரே ஒரு தடவை ஒட்ட 17,000 ரூபாய். ஒட்டி முடிக்கவே ஒரு நாள் லீவு போடணும்!

அதே இடத்துக்குக் களிம்பு என்றால்? விரல்நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை டியூபிலிருந்து பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். இரண்டு உள்ளங்கைப் பரப்புக்கு அது போதும். ஐந்து உள்ளங்கைக்கு இரண்டரை விரல்நுனி. அவ்ளோதான்.

"ஏன் சின்னச் சின்னதா? பெருசா ஒரே பேட்ச் பண்ணலாமே" என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். உள்ளங்கை அளவு பேட்சில் 17,000 ஊசிகள் இருக்கும். ஆணிப் படுக்கையில் படுக்கும் சாமியாருக்கு ஏன் ரத்தம் வருவதில்லை? எடை அத்தனை ஆணிக்கும் பங்கு போடப்படுவதால். அதே கதைதான் இங்கேயும். ஊசி அதிகமானால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் அழுத்தம் குறையும், பாதி ஊசி தோலை அமுக்கும், குத்தாது. அதிலும் முழங்கை தட்டையான கண்ணாடி இல்லை, மடங்குகிற மூட்டு.

ஊசி ஆளுக்கு ஆள் வேறு மாதிரி இறங்கினால் டோஸும் வேறாகும். இது சின்ன விஷயம் இல்லை. ஒற்றைத் தலைவலிக்கான நுண்ணூசி பேட்ச் ஒன்றை அமெரிக்காவில் சோசானோ என்ற கம்பெனி உருவாக்கியது. மருந்து ரத்தத்தில் சேரும் அளவு சீராக இல்லை என்பது உட்பட சில காரணங்களுக்காக 2020-இல் எஃப்.டி.ஏ. அதற்கு அனுமதி தரவில்லை. 2022-இல் கம்பெனி திவால்.

அப்போ நுண்ணூசியே வேஸ்ட்டா? இல்லவே இல்லை. தடுப்பூசியைப் பாருங்கள். அங்கே வேண்டியது மில்லிகிராம் இல்லை, மைக்ரோகிராம் கணக்கு. ஒரே இடம், ஒரே தடவை. காம்பியா நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா பேட்சைக் குழந்தைகளுக்குப் போட்டுப் பார்த்த சோதனையின் முடிவு 2024-இல் வந்தது. ஒன்பது மாதக் குழந்தைகளில் 90 சதவீதத்துக்கு மேல் தட்டம்மைக்கு எதிர்ப்பு சக்தி வந்தது, சாதாரண ஊசிக்குச் சமமாக. அங்கே கருவியும் தேவையும் கை குலுக்குகின்றன. நாங்களோ கருவியை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு, அதற்கு நோய் தேடிக்கொண்டிருந்தோம். சட்டையைத் தைத்துவிட்டு ஆளைத் தேடுகிற மாதிரி.

குத்தினால் என்ன ஆகும்?

இன்னொரு விஷயம், கொஞ்சம் வெட்கத்தோடு சொல்கிறேன். 1870-களில் கோப்னர் என்ற ஜெர்மானிய மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். சொரியாசிஸ் உள்ளவருக்குத் தோலில் கீறல், குத்து, தேய்ப்பு என்று காயம் பட்டால், அந்த இடத்தில் புதிதாக சொரியாசிஸ் முளைக்கலாம். எல்லோருக்கும் இல்லை, ஆனால் கணிசமானவர்களுக்கு. பச்சை குத்திய கோட்டிலேயே திட்டு வருவதுண்டு. நூற்றைம்பது வருஷப் பழைய தகவல். காயத்துக்கு எதிர்வினையாக வளர்கிற ஒரு நோய்க்கு, நூறு குத்து குத்துகிற கருவியைச் செய்துகொண்டிருந்தோம், முதல் ரிவ்யூவரை எங்கள் நான்கு பேரில் ஒருவருக்கும் கோப்னர் பெயர் தெரியாது. நுண்ணூசியின் காயம் மிகச் சின்னது, திட்டின் மேலேயே ஒட்டினால் ஆபத்து குறைவாக இருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டு, சோதித்துத்தான் தாண்டணும். பேசாமல் தாண்டக் கூடாது.

அதனால்தான் அத்தை கையை நீட்டியபோது நான் மறுத்தது சரி என்று இப்போது இன்னும் உறுதியாகச் சொல்வேன். மனிதர்களிடம் ஒரு புது மருந்தைச் சோதிக்க, 2019-இல் வந்த மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதியும் வேண்டும். "சும்மா ஒண்ணு ஒட்டிப் பார்க்கிறேன்" என்பதற்கு அங்கே இடமில்லை. நம்பி நீட்டப்படுகிற கைதான் அதிக ஆபத்தில் இருக்கிற கை.

இதே காரணத்துக்காக, ஹாஸ்டலில் தாடி வளர டெர்மா ரோலர் வாங்கி வைத்திருக்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. அது உலோக ஊசி, கரையாது, ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குக் கிருமியைக் கொண்டுபோகும். சொரியாசிஸ், எக்ஸிமா, சீழ் வைத்த பரு இருக்கிற தோலில் அதை உருட்டவே உருட்டாதீர்கள். ரூம்மேட்டோடு பகிர்ந்துகொள்ளவும் செய்யாதீர்கள்.

அப்புறம் நம்ம சென்னை. ஹையலூரோனிக் அமிலத்தின் பெருமையே தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்வது. ஏசி இல்லாத நேரத்தில் எங்கள் பேட்சை பெஞ்சில் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனோம். திரும்பி வந்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் முனையெல்லாம் தலை குனிந்து நிற்கிறது. அடையாற்றின் காற்றே அதற்குப் போதும். இதில் வியர்த்த முழங்கையில் பசை ஒட்டவேண்டும், தி.நகர் கூட்டத்தில் உரசி விழாமல் இருக்கவேண்டும். எங்கோ ஒரு குளிர்தேச லேபில், வறண்ட அறையில் எடுத்த முடிவை அப்படியே நம்மால் நகலெடுக்க முடியாது. ஆனால் இதை நான் குறையாகச் சொல்லவில்லை. இதுதான் நம்முடைய வாய்ப்பு. முப்பத்தைந்து டிகிரியிலும் எழுபத்தைந்து சதவீத ஈரப்பதத்திலும் நிமிர்ந்து நிற்கும் ஊசியை யார் செய்யவேண்டும்? அந்த வெயிலில் நிற்பவர்கள்தானே?

அத்தையின் புட்டி

அத்தை வீட்டு ஜன்னலில் ஊதா நிறத்தில் ஒரு எண்ணெய்ப் புட்டி இருக்கும். வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் வருகிற நிறம் அது. அரும்பாக்கத்தில் இருக்கும் மத்திய சித்த மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தின் 777 எண்ணெய் இதே வழியில் வந்ததுதான். முன்பெல்லாம் அந்தப் புட்டியைப் பார்த்து நான் லேசாகச் சிரிப்பேன். இப்போது சிரிப்பதில்லை. அது எவ்வளவு குணமாக்கும் என்பது வேறு விவாதம். ஆனால் அதை வடிவமைத்தவர்கள் ஒரு கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லியிருக்கிறார்கள்: ஐந்து உள்ளங்கைப் பரப்புக்கும் பூச முடியும், பூசுகிறவருக்குக் கட்டுப்படியாகும். ஒரு பொறியாளராக அதை நான் மதிக்கணும்.

சில பேர் சொல்வார்கள்: "மாணவர் ப்ராஜெக்ட்தானே, கனவு கண்டால் என்ன? எல்லாம் ஒரு நாள் மிகையாகத்தான் ஆரம்பிச்சது." ஒத்துக்கொள்கிறேன். நான் கனவைக் குறைக்கச் சொல்லவில்லை, அளக்கச் சொல்கிறேன். அளக்காத கனவுக்கு ஒரு விலை உண்டு. நாம் ஸ்லைடில் எழுதுவது லிங்க்ட்இன்னுக்குப் போகிறது, அங்கிருந்து வாட்ஸ்அப்புக்கு, அங்கிருந்து பன்னிரண்டு வருஷமாகக் காத்திருக்கும் ஒருவருக்கு. அவர் அடுத்த மாசம் வரப்போகிறது என்று நம்பி, போட்டுக்கொண்டிருக்கும் மாத்திரையை நிறுத்திவிட்டால்?

இன்னொன்றும் சொல்வார்கள்: "பேட்சில் டோஸ் நிலையானது, களிம்பு மாதிரி அள்ளிப் பூச முடியாது, பாதுகாப்பு." இது நல்ல வாதம். நம் நாட்டில் ஸ்டீராய்டு களிம்பைச் சிவப்பழகு க்ரீம் மாதிரி முகத்தில் பூசிக்கொண்டு தோலைக் கெடுத்துக்கொண்டவர்கள் ஏராளம். தோல் மருத்துவர் சங்கம் தனிக் குழு வைத்துப் போராடியது. 2018 மார்ச்சில் 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் அரசு சேர்த்தது. ஆனாலும் தெருமுனைக் கடையில் என்ன நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். எண்ணி ஒட்டுகிற பேட்ச் இங்கே நிஜமாகவே உதவலாம். ஆனால் யோசியுங்கள்: சுவரைத் தாண்டி ஸ்டீராய்டைக் கொண்டுபோகிற பேட்ச், களிம்பைவிட வலுவானது. அதுவும் சீட்டு இல்லாமல் கிடைத்தால் நிலைமை இன்னும் மோசமாகும். பொருளோடு சேர்த்து அது போய்ச்சேரும் கடையையும் யோசிப்பதுதான் டிசைன்.

ஒரே ஒரு ஸ்லைடு

என் கோரிக்கை பெரியது இல்லை. பயோமெடிக்கல் ப்ராஜெக்ட் எதுவானாலும், நாவல்ட்டி ஸ்லைடுக்கு முன்னால் இன்னொரு ஸ்லைடு இருக்கட்டும். அதில் நான்கு வரி போதும். யாருக்கு? எவ்வளவு இடத்துக்கு, எத்தனை தடவை? இப்போது அவர் என்ன பயன்படுத்துகிறார், அதற்கு என்ன செலவு? நம்ம கருவியால் அவருக்கு என்ன கெடுதல் வரலாம்? இந்த நான்குக்கும் பதில் எழுத ஐ.ஐ.டி. லேப் வேண்டாம், கோடிக்கணக்கில் நிதி வேண்டாம். ஒரு கால்குலேட்டரும், ஒரு தோல் மருத்துவரிடம் அரை மணி நேரமும், ஒரு நோயாளியிடம் ஒரு டம்ளர் காபி நேரமும் போதும். ரிவ்யூவுக்கு உட்காரும் பேராசிரியர்களும் இதைக் கேட்டால் நன்றாக இருக்கும். மார்க் போடுங்கள் சார், நாங்கள் தானாகவே செய்துவிடுவோம்!

இரண்டு வாரம் கழித்து மறுபடி அத்தை வீட்டுக்குப் போனேன். 850 என்று சொன்னேன். கணக்கையும் காட்டினேன். சிரித்துவிட்டார். "நான் என்ன காந்தி மண்டபச் சுவரா, போஸ்டர் ஒட்ட?"

அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இரண்டு புறங்கைகளையும் மேசை மேல் வைத்தார். ஆளுக்கொன்றாக, ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு இரண்டு திட்டுகள். "மத்ததெல்லாம் புடவைக்குள்ள போயிடும். எண்ணெய் போதும். இது ரெண்டுக்கு மட்டும் எத்தனை ஆகும்?"

ஐந்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 23 மில்லிமீட்டர். பரப்பு நான்கு சதுர சென்டிமீட்டருக்குச் சற்று மேல். இரண்டுக்கும் சேர்த்து எட்டு.

எட்டு. புறங்கை ஓரளவு தட்டையானது, மடங்குகிற மூட்டு இல்லை. ராத்திரி ஒட்டி காலையில் எடுத்துவிடலாம், கடை வியர்வை படாது. மருந்து உடம்பு முழுக்கப் போகவேண்டியதில்லை. களிம்புக்கு அசையாத பழைய திட்டு. இதற்குத்தான் நுண்ணூசி பொருந்துகிறது. அதை மூன்று மாசமாக நாங்கள் கண்டுபிடிக்கவில்லை, அத்தை ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டார்.

இரண்டாவது ரிவ்யூவில் தலைப்பை மாற்றினோம். "சொரியாசிஸுக்கான புதுமைப் பேட்ச்" போய், "சிறிய, பிடிவாதமான திட்டுகளுக்கு, அதிக ஈரப்பதத்தில் தாங்கும் பேட்ச்" என்று வைத்தோம். ஸ்கோப்பைக் குறைத்துவிட்டீர்களே என்றார் ஒரு பேனல் மெம்பர். ஆமாம் சார், என்றோம். மருந்து ஏற்றி, தோலில் சோதித்து, அனுமதி வாங்கி ஒரு பேட்ச் வெளியே வர நாங்கள் படிப்பை முடித்துப் பல வருஷம் ஆகும். வராமலும் போகலாம். அதையும் அத்தையிடம் சொல்லிவிட்டேன். மாத்திரையை நிறுத்தக் கூடாது என்றும் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

அத்தை இன்னும் மாடி குடோனில்தான் இருக்கிறார். எங்களுக்கு வேண்டியது எட்டு பேட்ச். அடுத்த பேட்ச் மாணவர்களே, எங்கள் லேப் நோட்டு மூன்றாவது அலமாரியில் இருக்கிறது. முதல் பக்கத்தில் அந்த எண்ணை எழுதி வைத்திருக்கிறேன். எடுத்துக்கொள்ளுங்கள்.